உட்கார்ந்த இடத்து வேலை

என் அக்கா புருஷனுக்கு நொண்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது சொன்னால், ஏதோ சமயம் பார்த்து மறைத்து வைத்திருந்தேன் என்று ஆகிவிடும். மறைத்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் வேண்டாம்.

மாமா இருபத்து மூன்று வருடம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அவர் பிரேக் போட்டது பயணிகளுக்குத் தெரியாது, வண்டி நின்ற பிறகுதான் நின்றதே தெரியும். நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்காமல் இரண்டு கையாலும் செல்போனைத் தட்டிக்கொண்டு வருவார்கள். நிதானம் வண்டியில் பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் ஏறினால், இடுப்பில் பிள்ளையோடுதான் இறங்குவாள் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். நான் அதே டிப்போ அலுவலகத்தில் குமாஸ்தா. லீவு, மருத்துவச் சான்று, பணி மாற்றம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் அவரைப் பற்றிய கேலி காலையில் என் காதுக்கு வந்து, சாயங்காலம் அக்கா காதுக்குப் போய்விடும்.

விபத்து என்று ஒன்று நடந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, முதல் நடை முடிந்து வண்டியிலிருந்து இறங்கியவர் நிமிர முடியாமல் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்றார்கள். வாரம் போனது, மாதம் போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வயதுக்கு ஏற்ற தேய்மானம் என்று ஒரே வரி. வயதுக்கு ஏற்ற தேய்மானம் டிப்போவில் எல்லோருக்கும் இருக்கிறது, மேனேஜருக்கு மூளையிலேயே இருக்கிறது. ஆனால் இவருக்குத்தான் வலித்தது.

அந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். நடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் நடு முதுகுக்குக் கீழே சூடு பிடித்து, வலது தொடை வழியாக முழங்கால் வரை இறங்கிவிடும். அதற்கு மேலும் உட்கார்ந்தால் மூச்சை இழுத்து விடுவதே ஒரு வேலையாகிவிடும். வலி வந்தவர்களை உலகம் முதலில் உட்காரச் சொல்லும், அப்புறம் படுக்கச் சொல்லும். இவருக்கு உட்காருவதுதான் நோவு. பஸ் ஓட்டுவதோ உட்கார்ந்து செய்கிற வேலை, அதுவும் அடியில் என்ஜின் அதிர்ந்துகொண்டே இருக்கிற இருக்கை. ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பி நிற்பாராம். ஒரு நாள் நிதானம் வண்டி குலுங்கி நின்றது என்று பேச்சு வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவரே என் மேசைக்கு வந்து, வேறு வேலைக்கு எழுதிப் போடு என்றார்.

அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. மருத்துவக் குழுவுக்கு அனுப்புகிற படிவம். ஊழியரால் எது முடியாது என்று அதில் நான்கு வரிகள். நிற்பது, நடப்பது, குனிவது, தூக்குவது. உட்காருவது என்று வரியே கிடையாது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவர் உட்கார்ந்துகொண்டு தயாரித்திருக்கிறார், அது ஒரு வேலை என்றே அவருக்குத் தோன்றவில்லை. குழு அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒருவரால் உட்கார முடியவில்லை என்றால் எந்த வரியில் குறிப்பது என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் சிரித்தார். உட்காரத் தெரியாத மனுஷன் யாரம்மா என்று கேட்டுவிட்டு, ஒன்றையும் குறிக்காமல் அனுப்பினால் தகுதியானவர் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார். தகுதியானவர் என்றால் மறுபடி ஸ்டியரிங். நான் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு நடப்பது என்ற வரியில் குறியிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நடக்க முடியாது என்று எழுதியாகிவிட்டது, இனி நடக்க முடியாதவராகப் போய் நிற்கவேண்டும். அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்து இதைச் சொன்னபோது மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வலி இருக்கிறது முதுகுல. கால் எதுக்கு நொண்டணும்?"

"முதுகு வலியை யார்கிட்டயும் காட்ட முடியாது மாமா. காலைக் காட்டலாம்."

உண்மையான வலிக்குப் பொய்யாக ஒரு சாட்சி ஏற்பாடு செய்கிறோம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஒத்திகை. நான் முன்னால் நொண்டிக் காட்ட, அவர் என்னைப் பார்த்து எதிரில் நொண்டினார். முதலில் இரண்டு காலையும் சேர்த்து இழுத்தார். அப்புறம் தாளம் தவறியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல் சிரித்தாள், கடைசியில் அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

சிரித்ததில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டோம். வலி இறங்குவது வலது காலில். நான் வலது காலை இழுத்துக் காட்டினேன். எதிரில் நின்று பார்த்தவர் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடது காலை இழுத்துப் பழகிவிட்டார். குழுவுக்கு முன்னாலும் இடது காலைத்தான் இழுத்தார். மூன்று டாக்டர்களும் தலையை ஆட்டி, இடது கால் நடையில் சிரமம், உட்கார்ந்த பணி வழங்கலாம் என்று எழுதிவிட்டார்கள். வெளியே வந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் காலாக இருந்தால் என்ன, வேலை முடிந்தது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விசாரணை அறையில் போட்டார்கள். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி, எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று சொல்கிற வேலை. மூன்று பக்கம் கண்ணாடி, ஓரத்தில் மட்டும் சுவர், ஒரு பக்கம் பயணிகள், எதிர்ப்பக்கம் நேராக மேனேஜர் அறை. பேசுவதற்கான ஓட்டை உட்கார்ந்தவர் வாய் உயரத்தில் வெட்டியிருந்தது. எழுந்து நின்றால் வெளியே நிற்பவருக்கு இவருடைய சட்டைப் பித்தான்தான் தெரியும். மைக்கும் அதே உயரத்தில் மேசையோடு திருகி வைத்தது. நாற்காலியை மட்டும் யார் வேண்டுமானாலும் புகழலாம், பஞ்சு வைத்தது, சுழலும். டிரைவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, உட்கார்ந்த இடத்து வேலை, கொடுத்து வைத்தவன்யா என்று கண்ணால் எரித்துவிட்டுப் போவார்கள். உள்ளே அவர் எட்டு மணி நேரம் அந்த நாற்காலியில் வெந்துகொண்டிருப்பார்.

சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். நேர அட்டவணையை மேசையில் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பிய்த்துக் கொண்டுபோய் அறையின் கடைசிச் சுவரில் ஒட்டினார். இரண்டே வாரத்தில் முழு அட்டவணையும் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் யார் வந்து எதைக் கேட்டாலும், ஒரு நிமிஷம், பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து, சுவர்வரை நான்கு எட்டு நொண்டிப் போய், தேவையே இல்லாத மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றையும் படிக்காமல் நின்றுவிட்டு, நான்கு எட்டு நொண்டித் திரும்பி வந்து பதில் சொல்வார். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் கேட்டால் முந்நூறு தடவை. அவ்வளவு சிரத்தையாகப் பார்த்துச் சொல்கிறார் என்று பயணி ஒருவர் பாராட்டுக் கடிதம்கூட எழுதினார். அதை நான்தான் கோப்பில் வைத்தேன். கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் கேட்பதற்கு ஆள் இருக்காது. அந்த இரண்டு மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். பிசியோ என்று நாங்கள் கூப்பிடுவோம். சின்ன வயது, கறார் பேர்வழி. வலிக்கிறது என்றால் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை, பயந்து படுத்தால் உடம்பு இன்னும் பயந்துகொள்ளும், தினமும் அரை மணி நேரம் நடந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். வலி போய்விடுமா என்று அக்கா கேட்டாள். போகாது, ஆனால் அதோடு வாழலாம் என்றாள் அந்தப் பெண். மாமாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. வலி வந்ததிலிருந்து அவரிடம் பொய் சொல்லாத முதல் ஆள் அவள்தான் என்று சொன்னார். என் முன்னால்தான் சொன்னார்.

ஆனால் எங்கே நடப்பது? டிப்போவைச் சுற்றி நான்கு தெருவிலும் டிப்போக்காரர்கள் குடியிருந்தார்கள். அதனால் ஊரின் மறுகோடிக்குப் போய், கால்வாய் ஓரத்து மண் பாதையில் நடக்க ஆரம்பித்தார். அக்காவும் கூடப் போவாள். அங்கே நேராக நடந்தார். முதல் வாரம் பத்து நிமிடம். இரண்டாவது மாதம் முடிவதற்குள் நாற்பது நிமிடம் கைவீசி நடக்கிறார் என்று அக்கா வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். வலி போகவில்லை. வலி இருக்கும்போதே மனுஷன் முகம் திரும்பி வந்துவிட்டது, சோறு தட்டில் மிஞ்சுவதில்லை, அவள்மேல் எரிந்து விழுவதில்லை. அந்த நாற்பது நிமிடம் அவருக்குச் சொந்தமாக இருந்தது.

அதையும் ஊர் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் தபாலில் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. நிதானம் என்கிறவர் கால்வாய் ஓரத்தில் குதிரை மாதிரி நடக்கிறார், கண்ணால் பார்த்தேன், இப்படிப்பட்ட ஏமாற்றுக்காரருக்கு உட்கார்ந்த இடத்து வேலை, உழைக்கிறவனுக்கு ஸ்டியரிங்கா என்று மேனேஜருக்கு எழுதியிருந்தது. தபாலைப் பிரிப்பது என் வேலை. மேனேஜருக்குப் போகவேண்டிய அந்தக் கடிதம் என் மேசையின் கடைசி இழுப்பறைக்குப் போனது. எழுதியவன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. படிவத்தின் கீழே இருப்பது என் கையெழுத்து.

அன்றைக்கே போய்ச் சொன்னேன். இனிமேல் வீட்டு வாசலைத் தாண்டினால் நொண்டவேண்டும், எந்த ஊர்க்கோடியாக இருந்தாலும் சரி என்றேன். அப்படி நடப்பதற்கு நடக்காமலேயே இருந்துவிடலாம் என்றார். நடக்காமல் இருந்து பார்த்தார். ஒன்பதாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழமுடியாமல் தரையில் கையூன்றித் தவழ்ந்துபோனார், அக்கா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். பத்தாம் நாள் மறுபடி நடக்கப் போனார், நொண்டிக்கொண்டு.

பத்து மாதம் அப்படியே நடந்தார். மழை நாளில்கூடக் குடையோடு போய் நொண்டிவிட்டு வந்தார். அக்கா கூடப் போவதை நிறுத்திவிட்டாள், பார்க்கச் சகிக்கவில்லை என்றாள். பாதையில் வருகிறவர்கள் பாவம் என்று வழிவிட்டார்களாம். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் பெஞ்சில் தன் பையை எடுத்து வைத்துக்கொண்டு, உட்காருங்கள் என்று இடம் கொடுத்தாளாம். அவள் மனம் நோகக்கூடாது என்று இவரும் உட்கார்ந்திருக்கிறார், பத்து நிமிடம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே போனாலும் அந்த மனுஷனுக்கு ஒரு நாற்காலி காத்துக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் விசில்காரர் ஓய்வு பெறப்போகிற செய்தி வந்தது. டிப்போ யார்டில் வண்டிகளை வரிசைப்படுத்துகிறவருக்கு அந்தப் பெயர். உள்ளே வருகிற வண்டியை எந்த வரிசையில் விடுவது, எது பணிமனைக்கு, எது முதலில் கிளம்பவேண்டும் என்று பார்த்து, விசில் ஊதி ஊதிப் பின்னால் எடுக்க வைப்பார். காலையிலிருந்து சாயங்காலம்வரை நடைதான். யார்டில் உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது, யாரும் அந்த வேலைக்கு வரமாட்டேன் என்றதற்கு அதுதான் காரணம். ஒரு மத்தியானம் விசில்காரர் விசாரணை அறைக் கண்ணாடியைத் தட்டி, நீ வாயேன்யா நிதானம், வண்டியோட அகலம் நீளம் எல்லாம் உன் கண்ணிலேயே இருக்கே, கால் மட்டும் ஒத்துழைச்சா உன்னை விட்டா ஆள் இல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகச் சொன்னார். மாமாவுக்கு அது விளையாட்டாகப் போய்ச் சேரவில்லை.

அன்றைக்கு என் மேசைக்கு வந்து நின்றார். நாள் முழுக்க நடக்கிற வேலை, சம்பளத்தோடு, யாருக்கும் ஒளியாமல் நடக்கிற வேலை. ஓய்வுக்கு அவருக்கு இன்னும் ஏழு வருடம் இருந்தது. அந்த நாற்காலியில் ஏழு வருடமா, யார்டில் ஏழு வருடமா, கேள்வி அவ்வளவுதான். ஆனால் காகிதத்தில் அவர் நடக்க முடியாதவர். அடுத்த மாதம் மருத்துவக் குழுவின் மறுபரிசோதனை. நடக்க முடியும் என்று குழு எழுதினால்தான் யார்டு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் பெரிய சண்டை. நான்தான் போட்டேன். நேராக நடந்து போனால் இத்தனை நாள் நொண்டியது பொய் என்று ஆகும், அந்தப் பொய்யோடு வலியும் பொய்யாகிவிடும், முழுத் தகுதி என்று எழுதி மறுபடி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், என் வேலைக்கும் உலை வைப்பார்கள் என்று கத்தினேன். அக்கா யார் பக்கமும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"நீ சொல்றதெல்லாம் நடக்கலாம்மா. ஆனா வலியையும் தாங்கிக்கிட்டு, நடிப்பையும் சேத்துத் தாங்க என்னால முடியல. ரெண்டுல ஒண்ணுதான் என் கையில இருக்கு. அதை விட்டுடுறேன்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, நீ எழுதினதை நீதானே திருத்தணும்?"

சரி, திருத்துகிறேன் என்றேன்.

ஒப்புக்கொண்ட பிறகு அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை நான். உட்கார முடியாதது என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லாததால் நடப்பது என்று தவறாகக் குறித்தது நான்தான் என்று குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இழுப்பறையில் கிடந்த பெயரில்லாத கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் படித்துவிட்டு என்னைக் கன்னாபின்னாவென்று திட்டினார். திட்டி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, யார்டுக்கு ஆள் கிடைக்காமல் நான் தவிக்கிறேன், நன்றாக நடக்கிறார் என்று குழு எழுதட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரு வருடம் நாங்கள் பயந்து செத்தது இந்த மனிதருக்கா என்று வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது.

பிசியோவும் கடிதம் கொடுத்தாள். நாள்பட்ட வலி, நீண்ட நேரம் உட்காருவது ஆகாது, நடக்கும் பணியே ஏற்றது என்று தெளிவாக எழுதியிருந்தாள். கொடுப்பதற்கு முன்னால் அவர் செருப்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாளாம். இடது செருப்பின் முனை ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது என்று கேட்டாளாம். இடது இடுப்பு கொஞ்சம் இறுகியிருக்கிறது என்று சொல்லிப் புதிதாக நான்கு பயிற்சி கொடுத்தாள். அக்கா அதைச் சொன்னபோது நான் காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பயிற்சி கொடுத்திருக்கிறாள் அல்லவா, செய்யட்டும் என்றேன்.

பரிசோதனை நாளில் அக்கா சலவைச் சட்டை போட்டு அனுப்பினாள். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஆஸ்பத்திரி நடைவழியில் பெஞ்சு முழுக்க ஆட்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கோப்பு. மாமா உட்காரவில்லை. ஒன்றரை மணி நேரம் ஜன்னல் பக்கத்தில் நின்றார், இடையிடையே கால் மாற்றிக்கொண்டார். மனதுக்குள் சொல்லவேண்டியதை அடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. அவர் பெயரைக் கூப்பிட்டபோது காகிதங்களைக் கையில் கொடுத்து, மேசைவரைக்கும் நேரா நடங்க, அது போதும் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

கதவுக்குக் கண்ணாடி இருந்தது, உள்ளே தெரிந்தது. கதவிலிருந்து மேசைக்குப் பத்து எட்டு இருக்கும். மூன்று டாக்டர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். வலது காலை வைத்தார். இடது காலை இழுத்தார். வலது காலை வைத்தார், இடது காலை இழுத்தார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. பயந்துவிட்டார். கடைசி நிமிடத்தில் கோழைத்தனம் பண்ணிவிட்டார். என் வேலையைப் பணயம் வைத்து, எல்லோரிடமும் திட்டு வாங்கி, பத்தே பத்து எட்டுக்காக நான் இவ்வளவு செய்திருக்கிறேன், இந்த மனுஷன் பழைய நாடகத்தையே ஆடுகிறார். நடுவில் இருந்த பெரிய டாக்டர் நாற்காலியைக் காட்டினார். மாமா உட்காராமல் நின்றபடியே காகிதங்களைக் கொடுத்து ஏதோ சொன்னார், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். டாக்டர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், அவர் காலைப் பார்த்தார்கள். ஜன்னல்வரை போய்த் திரும்பச் சொன்னார்கள். போனார், திரும்பினார். இன்னொரு தடவை போகச் சொன்னார்கள். கட்டிலில் படுக்க வைத்து இடது காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்கள். அப்புறம் எழுதினார்கள்.

உத்தரவு கையில் வர அரை மணி நேரம் ஆனது. இடது இடுப்பிலும் காலிலும் நடைக்குறை தொடர்கிறது, யார்டு பணிக்கு ஏற்றவர் அல்ல, உட்கார்ந்த பணி நிரந்தரமாக வழங்கப்படுகிறது, இனி மறுபரிசோதனை தேவையில்லை. பெரிய டாக்டர் நல்ல மனிதர்போலத்தான் தெரிந்தார். வெளியே வந்தவர் மாமாவின் தோளைத் தட்டி, இனிமே உங்களை யாரும் அலைக்கழிக்க மாட்டாங்க, நிம்மதியா உட்காந்து வேலை பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, நடக்க ஆரம்பித்தேன். அவரும் பின்னால் வந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அத்தனை பேர் உங்களுக்காக நின்றோமே, பத்து எட்டு உங்களால் முடியவில்லையா, இனிமேல் ஏழு வருடம் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து சாகுங்கள் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத தெரு அது, ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பூட்டிக் கிடந்த கிடங்குகள். பின்னால் செருப்பு தரையில் தேய்கிற சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. திரும்பி நின்றேன்.

"யாருக்காக இன்னும் நடிக்கறீங்க மாமா? இங்க ஒருத்தரும் இல்ல. இப்பவாவது நேரா நடங்க."

அவர் நின்றார். குனிந்து தன் இடது காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நேராத்தாம்மா நடக்கறேன். அங்கயும் நேராத்தான் நடந்தேன்."